பழைய மில்லிங் மெஷினுக்கு பால்ஸ்குரூவும் சர்வோவும்: மோட்டாரைக் கடைசியில் வாங்குங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பாவின் பட்டறையை எடுத்து நடத்தும் ஒரு தம்பியின் கேள்விக்கு இந்தப் பதில். அவரிடம் இருப்பது தைவானில் செய்த டரட் மில்லிங் மெஷின். பிரிட்ஜ்போர்ட்டின் நகல், மேசை 9க்கு 42 அங்குலம். எக்ஸ் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினால் முக்கால் மில்லிமீட்டருக்கு மேசை அசைவதே இல்லை. 32 மில்லி சி7 பால்ஸ்குரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) இரண்டும் 750 வாட் சர்வோ (தன் சுழற்சியைத் தானே அளந்து ஓடும் மோட்டார்) மூன்றும் வாங்கிப் போட்டால், சுற்றுவட்டாரச் செம்பனை ஆலைகளின் உதிரிப்பாக வேலையை சிஎன்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டும் முறையில்) எடுக்கலாமா, எந்த பிராண்டு மோட்டார் நல்லது என்று கேட்டிருந்தார்.

எடுக்கலாம், தம்பி. ஆனால் மோட்டார் பிராண்டு பற்றிப் பேச இரண்டு வரி போதும். உங்கள் மெஷினின் இரும்பு என்ன நிலையில் இருக்கிறது என்பதைத்தான் நிறையப் பேச வேண்டும். பால்ஸ்குரூ பிளேயை, அதாவது திருப்பும்போது மேசை அசையாத அந்த இடைவெளியை எடுக்கும், தேய்மானத்தை எடுக்காது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் காசைக் கொட்டியவர்களின் மெஷின்கள் நம் ஊர்ப் பட்டறைகளில் துணி மூடிக் கிடக்கின்றன.

முதலில் அந்த முக்கால் மில்லி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எக்ஸ் ஸ்குரூவின் நுனியில் சென்டர் துளை இருக்கும். அதில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பழைய பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு குண்டை ஒட்டவையுங்கள். தட்டை முனை போட்ட டயல் கேஜை அந்தக் குண்டின் மேல் நேராக வைத்து, கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். குண்டு நடுவில் உட்கார்ந்திருப்பதால் ஸ்குரூ சுழல்வது டயலில் தெரியாது, முன்னும் பின்னும் நகர்வது மட்டும் தெரியும். முள் 0.3 மில்லி ஆடினால் அந்த 0.3 உங்கள் நட்டின் குற்றம் இல்லை. மேசைக் கோடியில் ஸ்குரூவைப் பிடித்திருக்கும் பேரிங்கின் குற்றம். அதே பேரிங்கில் புது பால்ஸ்குரூவை மாட்டினாலும் அதே 0.3 அப்படியே இருக்கும். மீதிதான் நட்டின் கணக்கு.

அடுத்து டவ்டெயில், அதாவது மேசை சறுக்கி ஓடும் சாய்வுத் தடம். இந்த வகை மெஷினில் வைஸ் எப்போதும் மேசையின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், வேலையெல்லாம் நடு 300 மில்லியில்தான் நடக்கும். அதனால் தேய்வதும் அங்கேதான். நடுவில் ஆட்டம் தெரிகிறதே என்று கிப்பை (தடத்தின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையை) இறுக்கினால், மேசையைக் கோடிக்குக் கொண்டுபோகும்போது கைப்பிடி கல்லாகிவிடும். கோடியில் சுலபமாக ஓடும்படி தளர்த்தினால் நடுவில் மேசை நெளியும். கையால் ஓட்டும்போது அப்பா இதைத் தோளிலேயே உணர்ந்து, லாக்கைக் கொஞ்சம் பிடித்துச் சமாளித்திருப்பார். சர்வோவுக்கு அந்தத் தோள் கிடையாது. கோடியில் இறுகும் இடத்தில் கரன்ட்டை ஏற்றி இழுக்கும், நடுவில் தளரும் இடத்தில் நடுங்கும்.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அறிய, மேசையை ஒரு கோடிக்கு ஓட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். டயல் சேடிலின் (மேசைக்கு அடியில் அதைத் தாங்கும் பாகத்தின்) மேல் நிற்க வேண்டும், முள் மேசையின் அடியைத் தொட வேண்டும். 0.02, 0.03 என்றால் நல்ல மெஷின். 0.05ஐத் தாண்டினால் ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டித் தளத்தைச் சமமாக்கும்) வேலை காத்திருக்கிறது என்று பொருள். 0.1 என்றால் பால்ஸ்குரூ பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு, அதே காசுக்கு செக்கன்ஹேண்ட் சிஎன்சி ஒன்றைத் தேடுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

ஸ்கிரேப்பிங் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். ஆனால் ஈப்போ ஈய வயல்களை நம்பி வளர்ந்த பட்டறை ஊர். மெங்லெம்பு பக்கம் கிரைண்டிங் பட்டறைகளில் விசாரித்தால் மேசை டவ்டெயிலைக் கிரைண்ட் பண்ணிக் கொடுக்க ஆள் கிடைப்பார். சேடில் பக்கத்துக்கு டர்சைட் ஷீட் ஒட்டி, நீல மை தடவி, மேசையோடு பொருத்தி ஸ்கிரேப் செய்வார்கள். அது வெண்கலத் தூள் கலந்த டெஃப்லான் வகை. இரும்பின் மேல் இரும்பு ஓடும்போது தொடங்கும் கணத்தில் பிடித்துக்கொண்டு பிறகு குதிக்கும் பழக்கம் அதில் மிகவும் குறைவு. சர்வோ 0.01 மில்லி நகரச் சொன்னால் 0.01தான் நகர வேண்டும் என்றால் இந்தக் குதிப்பு ஒழிய வேண்டும். கூடவே ஒன்-ஷாட் எண்ணெய் பம்பு, 68ஆம் நம்பர் ஸ்லைடு எண்ணெய். பழைய மெஷின்களில் எண்ணெய்க் குழாய் பாதி அடைத்திருக்கும், ஒவ்வொன்றையும் ஊதிப் பாருங்கள். செலவில்லாத வேலை என்பதாலேயே யாரும் செய்வதில்லை.

இனி ஸ்குரூ. சி7 போதுமா என்றால், போதும். ஜப்பானியத் தரப்படி சி7 என்றால் 300 மில்லி நீளத்தில் 0.05 மில்லி வரை பிழை இருக்கலாம். சி5 என்றால் 0.018. நீங்கள் செய்யப்போவது ஆலை வேலை. ஃபிளாஞ்சில் துளை வட்டம் 0.05 பிசகினால் யாரும் கேட்கப்போவதில்லை. அதோடு இந்தப் பிழை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும் பிழை. டயலும் கேஜ் பிளாக்கும் வைத்து அளந்து கன்ட்ரோலரில் அட்டவணையாகக் கொடுத்தால் பெரும்பகுதி போய்விடும். சி5க்குக் கொடுக்கும் மிச்சக் காசை நட்டுக்குக் கொடுங்கள். ஒற்றை நட்டுக்குப் பதில் இரட்டை நட்டு, அல்லது ஒற்றை நட்டிலேயே கொஞ்சம் பெரிய குண்டு போட்டு பிரிலோட் செய்தது, அதாவது இடைவெளி இல்லாதபடி முன்கூட்டியே இறுக்கியது. பிரிலோட் இல்லாத பால்ஸ்குரூவிலும் மில்லியில் நூறில் சில பங்கு பிளே இருக்கத்தான் செய்யும்.

32 மில்லி வேண்டாம் என்பேன். பெரியதுதான் பலம் என்று தோன்றும். ஆனால் 25 மில்லிக்கே பட்டியல்களில் ஒரு டன்னுக்கு மேல் இயங்குசுமை போட்டிருக்கும், இந்த மெஷின் அதைக் கனவிலும் காணாது. இடம்தான் சிக்கல். 32-5 அளவின் (விட்டம் 32, ஒரு சுற்றுக்கு நகரும் தூரமான லீடு 5 மில்லி) நட்டு உடல் 50 மில்லி, ஃபிளாஞ்ச் 80. 25-5க்கு 40, 63. மேசைக்கும் சேடிலுக்கும் நடுவே இருக்கும் பொந்தில் 80 மில்லி ஃபிளாஞ்சை நுழைக்க வேண்டுமென்றால் சேடில் வார்ப்பைக் குடைய வேண்டிவரும். நல்ல வார்ப்பை மெலிய வைத்துத் தடித்த ஸ்குரூ போடுவதில் என்ன லாபம்?

இன்னொரு கணக்கும் உண்டு, பலர் கவனிக்காதது. மேசை, வைஸ், வேலை எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று வையுங்கள். 5 மில்லி லீடு வழியாக அது ஸ்குரூ தண்டில் காட்டும் சுழல்சடம் (சுழல்வேகத்தை மாற்ற விடாத எதிர்ப்பு) ஏறக்குறைய 0.0001 கிலோ சதுரமீட்டர்தான். ஒரு மீட்டர் நீள 32 மில்லி ஸ்குரூ தன்னளவில் 0.0008. மேசையை விட ஸ்குரூவே மோட்டாருக்கு எட்டு மடங்கு பாரம்! 25 மில்லி என்றால் அது 0.0003. விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் கணக்கு என்பதால் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் 7 மில்லி இப்படி வேலை காட்டுகிறது.

ஸ்குரூவின் முனைகளைக் கடைவதை உங்கள் லேத்திலேயே செய்துவிடலாம். மேல்தோல் கடினப்படுத்தியது, ஹைஸ்பீட் டூல் வழுக்கும். கார்பைடு போடுங்கள், அல்லது முதலில் கிரைண்டரால் பல்லை உரசி எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் மென்மையான பகுதியைக் கடையுங்கள். நட்டைக் கழற்றுவதானால் ஸ்குரூவின் அடிவிட்டத்துக்குப் பொருந்தும் குழாயை முனையில் வைத்து அதன் மேல் தள்ளுங்கள். வெறும் முனையில் வெளியே வந்தால் குண்டுகள் பட்டறைத் தரையெங்கும் ஓடும். மூன்று தாடை சக்கை நம்பாதீர்கள். பல்லின் மேல் டயல் வைத்துப் பார்த்துப் பிடியுங்கள். பேரிங் உட்காரும் இடம் 0.1 மில்லி கோணினால் மேசை அந்தக் கோடிக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இறுகும்.

பேரிங்குக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்த வேலை முழுவதிலும் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். ஆன்லைனில் பால்ஸ்குரூவோடு சேர்த்து விற்கும் மலிவான பிகே பிளாக்குகள் (ஸ்குரூ முனையைத் தாங்கும் பேரிங் பெட்டிகள்) சிலவற்றைத் திறந்தால் உள்ளே சாதாரணப் பந்து பேரிங் இருக்கும். அது பக்கவாட்டு பாரத்துக்கு; நமக்கு வேண்டியது நீளவாக்கில் தாங்குவது. பால்ஸ்குரூவுக்கென்றே 60 பாகைத் தொடுகோணத்தில் செய்த பேரிங்குகள் உண்டு. 20 மில்லித் தண்டுக்கு 20டிஏசி47 என்று கேளுங்கள். அவற்றில் இரண்டை முதுகோடு முதுகு வைத்து, லாக்நட்டால் பிரிலோட் கொடுத்து ஒரு கோடியில் மாட்டுங்கள். மற்ற கோடி மிதக்கட்டும். இரண்டு கோடியையும் இறுக்கிப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்குரூ மட்டும் 10 பாகை சூடேறினால் ஒரு மீட்டருக்கு 0.1 மில்லிக்கு மேல் நீளும். நீள இடமில்லாவிட்டால் வளையும், அல்லது பேரிங்கைத் தின்னும்.

மாட்டும்போது ஸ்குரூ டவ்டெயிலுக்கு இணையாக ஓடுகிறதா என்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் டயலில் பாருங்கள், முழு நீளத்துக்கும் 0.02க்குள் வர வேண்டும். நட்டுப் பிராக்கெட்டின் போல்ட்டுகளைக் கடைசியாக, மேசையைப் பேரிங் பக்கத்துக் கோடிக்குக் கொண்டுபோய் வைத்து இறுக்குங்கள். பிறகு மற்ற கோடிக்கு ஓட்டிப் பாருங்கள். அங்கே இறுகினால் பிராக்கெட்டின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். போல்ட்டை இழுத்துச் சரிக்கட்டக் கூடாது.

மெஷினில் இப்போது இருக்கும் பழைய ஏக்மி ஸ்குரூவில் (குண்டில்லாத சாதாரணத் திருகில்) நீங்கள் கவனிக்காமலே அனுபவித்த நன்மை ஒன்று போய்விடும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏக்மியின் திறன் 20 முதல் 40 விழுக்காடு. உராய்வு அதிகம், அதனால் மேசையைத் தள்ளி ஸ்குரூவைச் சுழற்ற முடியாது. பால்ஸ்குரூவின் திறன் 90க்கும் மேல். தள்ளினால் சுழலும். மோட்டாரில் கரன்ட் இல்லாதபோது கட்டர் இழுத்தால் மேசை ஓடும். ஆகவே, "அப்பா பழையபடி கையாலும் ஓட்டிக்கொள்வார்" என்ற திட்டத்தை விடுங்கள். சர்வோ வேகமாக ஓடும்போது கைப்பிடியும் சேர்ந்து சுழன்று வயிற்றில் அடிக்கும். கழற்றிவிட்டு, எம்பிஜி எனப்படும் கைச்சக்கரத்தை வாங்கிக் கொடுங்கள். ஒரு கிளிக்குக்கு 0.01 நகரும், அப்பாவுக்கும் பிடித்துப்போகும்.

இசட் (மேலும் கீழும் நகரும்) அச்சில் இந்த வழுக்கல் இன்னும் ஆபத்து. ஆங்கிலத்தில் knee எனப்படும், மேலும் கீழும் நகரும் அடித்தாங்கியும் சேடிலும் மேசையும் சேர்ந்து தொங்கும் பாரம் அது. அந்த அடித்தாங்கிக்கு பால்ஸ்குரூ போட்டால் பிரேக் உள்ள மோட்டார் கட்டாயம், பாரத்தைத் தாங்க கேஸ் ஸ்பிரிங்கும் வேண்டும். என் யோசனை, அடித்தாங்கியை இருக்கிறபடியே ஏக்மியில் விட்டுவிட்டு குவில்லை (தலையில் கட்டரை மேலும் கீழும் நகர்த்தும் உருளையை) ஓட்டுங்கள். ஐந்து அங்குலம் ஓடும், தட்டு வேலைக்கும் துளை வேலைக்கும் அது தாராளம். குவில் மோட்டாருக்கு 400 வாட் போதும். மூன்றாவது 750ஐ வாங்க வேண்டாம்.

இப்போது மோட்டார். 750 வாட் ஏசி சர்வோ எந்தக் கம்பெனியுடையது என்றாலும் 3000 ஆர்பிஎம்மில் சுமார் 2.4 நியூட்டன்மீட்டர் தரும். பெல்ட்டில் இரண்டுக்கு ஒன்று குறைத்து 5 மில்லி லீடு ஸ்குரூவில் போட்டால் மேசையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 5,400 நியூட்டன், அதாவது 550 கிலோ. வேகம் நிமிடத்துக்கு 7.5 மீட்டர் வரை. இரண்டும் இந்த மெஷினுக்கு மிஞ்சியவை. உச்சத்தில் மூன்று மடங்கு விசை வரும், மோதினால் ஏதாவது உடையும். டிரைவில் (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டியில்) டார்க் (சுழற்று விசை) வரம்பைப் பாதிக்குக் கீழே வையுங்கள், வேகத்தை 4 மீட்டரில் கட்டுங்கள். பிராண்டு? சீனமோ ஜப்பானோ, கையேடு புரிகிற மொழியில் இருக்கிறதா, கேபிளும் டிரைவும் ஒரே கடையில் மறுபடி கிடைக்குமா என்று மட்டும் பாருங்கள். ஸ்டெப்பர் மோட்டாரோடு ஒப்பிட்டால் சர்வோவுக்கு வேகத்திலும் டார்க் குறையாது, பின்தங்கினால் எரர் சொல்லி நிற்கும். அந்த ஒரு குணத்துக்காகவே காசு கொடுக்கலாம்.

ஆனால் சர்வோவின் என்கோடர் (சுழற்சியை அளக்கும் கருவி) மோட்டாரின் பின்னால் இருக்கிறது, மேசையில் இல்லை. மோட்டார் சரியாகச் சுழன்றதா என்பதுதான் அதற்குத் தெரியும். மேசை போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. "சாஃப்ட்வேரில் பேக்லாஷ் காம்பன்சேஷன் இருக்கிறதே" என்று சிலர் பழைய ஏக்மியிலேயே சர்வோவை மாட்டுகிறார்கள். அந்தக் கணக்கு நிற்கும் இடத்தைத் திருத்தும். கிளைம்ப் மில்லிங்கில் (கட்டரின் பல் வெட்டும் திசையிலேயே மேசையும் நகரும் வெட்டில்) கட்டர் மேசையைப் பிடித்து முன்னால் இழுக்கும்போது நடுவே இருக்கும் முக்கால் மில்லியை எந்த சாஃப்ட்வேராலும் அடைக்க முடியாது. கட்டர்தான் ஒடியும்.

கன்ட்ரோலரில் கவனிக்க வேண்டியது பல்ஸ் வேகம், அதாவது மோட்டாரை நகர்த்த நொடிக்கு எத்தனை சிக்னல் அனுப்புகிறது என்பது. ஒரு பல்ஸுக்கு ஒரு மைக்ரான் என்று டிரைவில் எலக்ட்ரானிக் கியரை வைத்தால், நிமிடத்துக்கு 4 மீட்டருக்கு நொடிக்கு 67,000 பல்ஸ் வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் பேரலல் போர்ட்டில் மாக்3 சாஃப்ட்வேர் சாதாரணமாகத் தரும் 25,000 பல்ஸுக்கு மேசை 1.5 மீட்டரில் நின்றுவிடும். லினக்ஸ்சிஎன்சி சாஃப்ட்வேரும் பல்ஸைத் தானே உருவாக்கும் ஈதர்நெட் கார்டும் என் தேர்வு. லைசன்ஸ் காசு கிடையாது. கம்ப்யூட்டர் வேண்டாம் என்றால் திரையோடு வரும் தனிக் கன்ட்ரோலரும் பரவாயில்லை.

மின்சாரத்தை வயர்மேனிடம் விடுங்கள், சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிந்தவராகப் பார்த்து. அவரிடம் இரண்டைச் சொல்லுங்கள். டிரைவுகளின் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரன்ட் எர்த்துக்குக் கசியும், மூன்று டிரைவும் கட்டர் மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரும் சேர்ந்தால் சாதாரண ஆர்சிசிபி (கசிவு கண்டால் கரன்ட்டை வெட்டும் சுவிட்ச்) சும்மா சும்மா விழும். அதைப் பிடுங்கிவிடுவது தீர்வல்ல, பொருத்தமான வகையைப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, இடி. உலகிலேயே இடி அதிகமாக விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று, தோட்டத்துப் பக்கம் லைன் திறந்தவெளியில் நீளமாக வருகிறது. சர்ஜ் அரெஸ்டர் இல்லாமல் மூன்று டிரைவையும் ஒரே மாலையில் இழக்கலாம். எமர்ஜென்சி சுவிட்ச் கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்கக் கூடாது, கன்டாக்டரையும் டிரைவின் எஸ்டிஓ (மோட்டார் விசையைப் பாதுகாப்பாக நிறுத்தும்) முனையையும் நேராக வெட்ட வேண்டும். 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் இல்லை. இப்போது பட்டறைப் பாதுகாப்புக்கு 1994ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம்தான். நீங்களே மாற்றிக் கட்டிய மெஷினுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

"பழையதை மாற்றுவது அரைகுறை வேலை" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1952இல் அமெரிக்காவின் எம்ஐடியில் உலகுக்குக் காட்டிய முதல் நியூமரிக்கல் கன்ட்ரோல் மெஷினே ஒரு சின்சினாட்டி ஹைட்ரோடெல் மில்லிங் மெஷினை மாற்றிக் கட்டியதுதான். அவரிடம் சொல்லுங்கள்.

ஆலை வேலை என்றீர்களே, எல்லாவற்றையும் இதில் ஏற்ற வேண்டாம். ஷாஃப்டில் கீவே (சாவிப் பள்ளம்) வெட்ட சிஎன்சி எதற்கு? புரோகிராம் எழுதும் நேரத்தில் கையால் முடிந்துவிடும். செம்பனைக் கொட்டையை உடைக்கும் ரிப்பிள் மில் ரோட்டரின் பக்கத் தட்டுகள் மாதிரி, ஒரே வட்டத்தில் நிறையத் துளை, அதுவும் எதிரெதிர்த் தட்டில் நேருக்கு நேர் வர வேண்டிய வேலைதான் இதற்குச் சோறு போடும். தேய்ந்து தேய்ந்து மறுபடி மறுபடி கேட்கும் பிளேட்டுகள், ஃபிளாஞ்சுகள், ஸ்பிராக்கெட்டுகள். ஆலை பழுதாகி நிற்கும்போது பழம் காத்திருக்காது. புரோகிராம் கையில் இருந்தால் ராத்திரியே வெட்டிக் கொடுக்கலாம். அந்த அவசரத்துக்குத்தான் விலை.

எல்லாம் மாட்டியபின் முதல் வேலையாக அலுமினியத்தில் 100 மில்லி வட்டம் ஒன்றை வெட்டி, ரவுண்டாக இருக்கிறதா என்று டயலில் சுற்றிப் பாருங்கள். நான்கு திசையில், அதாவது ஓர் அச்சு திரும்பும் இடங்களில் சின்னப் படி தெரிந்தால் எங்கேயோ இன்னும் பிளே இருக்கிறது. மறுபடி குண்டையும் டயலையும் எடுங்கள், முதலில் பேரிங் லாக்நட். படி இல்லாமல் 45 பாகையில் முட்டை வடிவம் என்றால், மேசையும் சேடிலும் ஒன்றுக்கொன்று சதுரமாக இல்லை, அல்லது இரண்டு சர்வோவின் கெயினும் (கட்டளைக்கு எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கிறது என்ற அமைப்பு) ஒத்துப்போகவில்லை. வலச்சுற்றிலும் இடச்சுற்றிலும் ஒவ்வொன்று வெட்டுங்கள். முட்டை இரண்டிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் சதுரம், பக்கம் மாறினால் கெயின். வட்டம் 0.03க்குள் வந்த பிறகு ஆலைக்குப் போன் போடுங்கள்.